விரிசல் விழுந்த கிண்ணத்துக்கு ஒரு மீன் வால்!

ஃபர்ஸ்ட் இயர் வொர்க்‌ஷாப் ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் ஃபிட்டிங், ஒரு பக்கம் வெல்டிங், நடுவுல கார்ப்பென்டரி. ரெண்டு மரத்துண்டைக் கையில் கொடுத்து, 'டவ்டெயில் ஜாயின்ட்' செய்யச் சொல்லியிருப்பாங்க. புறா வால் மாதிரி விரிஞ்ச ஒரு நாக்கு. அது போய் உட்கார அதே ஷேப்புல ஒரு பள்ளம். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் லொடலொடன்னு ஆடும். உடனே மரத்தூளையும் ஃபெவிகாலையும் பிசைஞ்சு இடுக்குல அப்பி, சார் கண்ணுல படாம சப்மிட் பண்ணினவங்க எல்லாம் கையைத் தூக்குங்க பார்ப்போம்!

'இதெல்லாம் வாழ்க்கையில எதுக்குடா யூஸ் ஆகப் போகுது?' என்று அன்றைக்குப் புலம்பியிருப்பீர்கள். யூஸ் ஆகும் பாஸ்! விரிசல் விட்ட மரக் கிண்ணம் ஒன்றைக் காப்பாற்றுவதற்கு அந்த இரண்டு வித்தைகளும் வேண்டும். மரத்தூள் அப்பியது நிரப்புகிற வேலை. டவ்டெயில் கோத்தது, பிரியப் பார்ப்பதை இழுத்துப் பிடிக்கிற வேலை. எந்த இடத்தில் நிரப்பணும், எந்த இடத்தில் பிடிக்கணும் என்பது தெரிந்தால், குப்பைக்குப் போக வேண்டிய கிண்ணம் ஷோகேஸுக்குப் போகும். தெரியாமல் போனால்..? கிண்ணமும் போகும், சில சமயம் மூக்கும் போகும்!

சுத்துது பூமி... சுத்துது மரம்!

மரக் கடைசல் என்பது ஏறக்குறைய குயவர் சக்கரம் மாதிரிதான். என்ன ஒரு வித்தியாசம், களிமண்ணில் தப்பு பண்ணினால் திரும்பப் பிசைந்துகொள்ளலாம். மரத்தில் வெட்டினது வெட்டினதுதான். லேத்தில் ஒரு மரக்கட்டையை மாட்டி, அது சுழலும்போது உளியை வைத்து, முதலில் வெளிப்பக்கத்தை உருட்டி, பிறகு உள்ளே குடைந்து எடுக்கிறார்கள். சுருள் சுருளாக மரச்சீவல் பறக்கும். கட்டையில் முக்கால்வாசிக்கு மேல் சீவலாகப் போய், மிச்சம் இருப்பதுதான் கிண்ணம்.

அந்த மிச்சத்துக்குள் என்ன இருக்கிறது என்பது வெட்டும் வரை யாருக்கும் தெரியாது. அங்கேதான் சஸ்பென்ஸ்! வெளியே பார்க்கும்போது வழவழவென்று இருந்த கட்டைக்குள் ஒரு கணு இருக்கும். கணுவைச் சுற்றிப் பட்டை உள்ளே மாட்டியிருக்கும். எப்போதோ அடிச்ச ஆணி இருக்கும். வண்டு போட்ட ஓட்டை இருக்கும். எல்லாத்துக்கும் மேலே, மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருக்கும். எல்லாம் முடிந்து உப்புத்தாள் தேய்க்கும்போதுதான் அது, 'ஹாய்' என்று தலையைக் காட்டும்.

மரம் ஏன் விரியுது?

மரம் வெட்டினதும் செத்துப் போகிறது. ஆனால், அது ஆடாமல் அசையாமல் இருக்கிறது என்று நினைத்தால் தப்பு. அதற்குள்ளே தண்ணீர் இருக்கிறது. கொஞ்சநஞ்சம் இல்லை. சில மரங்களில், காய்ந்த மரத்தின் எடையைவிட உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை அதிகம்!

இந்தத் தண்ணீர் ரெண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று, செல்களின் உள்ளே இருக்கிற காலி இடத்தில். இது வெளியேறும்போது மரத்தின் எடை குறையும், அளவு மாறாது. இன்னொன்று, செல்களின் சுவருக்குள்ளேயே. ஈரப்பதம் சுமார் 30 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கும்போது இந்தத் தண்ணீர் கிளம்ப ஆரம்பிக்கும். அப்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும்.

சுருங்கினால் சுருங்கிவிட்டுப் போகட்டுமே, அதில் என்ன? மேட்டர் என்னன்னா, அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. அடிமரத்தை வட்டமாக அறுத்தால் ஆண்டு வளையங்கள் தெரியும் இல்லையா? அந்த வளையத்தின் ஓரமாக மரம் தோராயமாக 8 சதவிகிதம் சுருங்கும். நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் அதில் பாதி. மரத்தின் உயரவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மரத்துக்கு மரம் கணக்கு மாறும். ஆனால், 'ரெண்டுக்கு ஒன்று' என்ற இந்தச் சண்டை ஏறக்குறைய எல்லா மரத்திலும் உண்டு. ஒரு பக்கம் 'வா'ன்னு இழுக்குது, இன்னொரு பக்கம் 'வரமாட்டேன்'னு நிற்குது. நடுவில் மாட்டின இடம் 'ட்டக்' என்று பிளந்துகொள்கிறது. அவ்வளவுதான் விரிசலின் கதை.

அதனால்தான் விவரமான கடைசல்காரர்கள் ஈர மரத்தில் கிண்ணத்தை ஒரே மூச்சில் முடிக்க மாட்டார்கள். முதல் ரவுண்டில் கிண்ணத்தைத் தடிமனாகக் கடைந்துகொள்வார்கள். குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு தடிமன் என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 30 செ.மீ. கிண்ணம் என்றால் 3 செ.மீ. சுவர். அப்புறம் அதைக் காகிதப் பையில் போட்டு மாசக்கணக்கில் நிழலில் வைத்துவிடுவார்கள். வட்டமாகப் போன கிண்ணம், முட்டை வடிவத்தில் திரும்பி வரும்! ஒரு பக்கம் மட்டும் ரெண்டு செ.மீ. சுருங்கியிருந்தாலும் ஆச்சர்யம் இல்லை. அதைத் திரும்ப லேத்தில் ஏற்றி வட்டமாக்குவார்கள். இவ்வளவு பொறுமையாக இருந்தும் சில கிண்ணங்கள் பிளந்துகொள்ளும். குறிப்பாக, மரத்தின் நடு நெஞ்சுப் பகுதி கிண்ணத்துக்குள் மாட்டிக்கொண்டால் தப்பிக்கிறது கஷ்டம்.

தட்டிப் பாரு... கேட்டுப் பாரு!

விரிசலைப் பார்த்ததும் பசையைத் தேடி ஓடாதீர்கள். முதல் வேலை, லேத்தை ஆஃப் பண்ணுவது. கிண்ணத்தைக் கழற்றுங்கள். அம்மா சந்தையில் மண்பானை வாங்கும்போது என்ன செய்வாங்க? சுண்டிப் பார்ப்பாங்க இல்லையா? அதையே செய்யுங்கள். 'கணீர்' என்றால் விரிசல் மேலோட்டமானது. 'டொக்' என்று சத்தம் வந்தால் உள்ளே ஆழமாக ஓடியிருக்கிறது.

அடுத்தது, பிடித்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். விரிசலின் வாய் திறந்து மூடுகிறதா? அப்படியென்றால் அதை நிரப்பி மட்டும் பிரயோஜனம் இல்லை, பிடித்து நிறுத்த வேண்டும். அசையவே இல்லையா? நிரப்பினாலே போதும்.

மூன்றாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். கிண்ணம் முழுசாகக் காய்ந்துவிட்டதா? இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கிச்சன் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு, கிண்ணத்தின் அடியிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது செய்கிற ரிப்பேர் அத்தனையும் வேஸ்ட். இன்றைக்கு நீங்கள் அடைத்த விரிசல், அடுத்த மாசம் பக்கத்தில் ஒரு தம்பியோடு வந்து நிற்கும்! தொடர்ந்து சில வாரம் எடை மாறாமல் நின்றால், 'கோ அஹெட்'.

இதில் இன்னொரு விஷயம். கின்ட்சுகி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடைந்த பீங்கானை அரக்கு மாதிரியான ஒரு மரப்பாலால் ஒட்டி, ஒட்டின இடத்தில் தங்கத்தூள் பூசுகிற ஜப்பான்காரர்களின் கலை. அழகு, சந்தேகமே இல்லை. ஆனால், அதைப் பார்த்து மரக் கிண்ணத்துக்கும் அப்படியே செய்யலாம் என்று இறங்காதீர்கள். பீங்கான் உடைந்தபிறகு சும்மா இருக்கும். மரம் அப்படி இல்லை. மழைக்காலத்தில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். நாளைக்கும் அசையப் போகிற ஒன்றை ஒட்டுகிறோம் என்ற நினைப்பு வேண்டும்.

பூவரசங் கிண்ணமும் மீன் வாலும்

இந்த நினைப்பை வைத்து ஒரு கலையையே வளர்த்தவர்கள் ஹவாய்த் தீவின் பழங்குடி மக்கள். பசிபிக் கடலின் நடுவில், எந்தப் பக்கம் போனாலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குத் தண்ணீர்தான். அங்கே சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துச் செய்கிற 'போய்' என்கிற கூழ்தான் அன்றாடச் சாப்பாடு. அதை வைக்கிற மரக் கிண்ணத்துக்கு 'உமெகே' என்று பெயர்.

எந்த மரம் தெரியுமா? 'கோ' என்ற மரம் ஒன்று. அடுத்தது 'மிலோ'. அது வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் பூவரசு! சின்ன வயசில் இலையைச் சுருட்டி பீப்பீ ஊதினோமே, அதேதான். இன்னொன்று 'கமானி'. அது நம்ம புன்னை, மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் தல மரம். அடுத்த முறை பூவரசு மரத்தைப் பார்க்கும்போது கொஞ்சம் மரியாதையாகப் பாருங்கள்!

1778-ல் கேப்டன் குக்கின் கப்பல்கள் அங்கே போய்ச் சேரும்வரை அவர்களிடம் இரும்புக் கருவி புழக்கத்தில் இல்லை. கல்லால் ஆன வாய்ச்சியால் குடைந்து, பவளப்பாறைத் துண்டாலும் எரிமலை நுரைக்கல்லாலும் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். லேத்தில் கடையும் வழக்கம் 19-ம் நூற்றாண்டில்தான் அங்கே வந்தது. ஒரு பெரிய கிண்ணத்தைக் கல்லால் குடைய எவ்வளவு நாளாகும் என்று யோசித்துப் பாருங்கள். அது விரிசல் விட்டால், 'சரி, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்' என்று சொல்ல முடியுமா?

அதனால் விரிசலின் குறுக்கே ஒரு சின்ன மரத்துண்டைப் பதித்தார்கள். இரண்டு பக்கமும் அகலம், நடுவில் இடுப்பு மாதிரி ஒடுக்கம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பெவா'. அர்த்தம், மீன் வால்! நம்ம வொர்க்‌ஷாப்பில் புறா வால், அங்கே மீன் வால். ரெண்டு டவ்டெயிலை முதுகோடு முதுகாக ஒட்டினால் பெவா ரெடி. ஒடுங்கின இடுப்பு சரியாக விரிசலின் மேல் உட்காரும். விரிசல் திறக்கப் பார்த்தால், அகலமான ரெண்டு பக்கமும் 'எங்கே போறே?' என்று இழுத்துப் பிடிக்கும். சின்ன ஓட்டைகளுக்கும் சேதமான இடங்களுக்கும் சதுரமாக, வட்டமாக ஒட்டுத் துண்டுகள் தனி.

ஆச்சர்யமான விஷயம் இனிமேல்தான். அந்த மக்களிடம், பெவா போட்ட கிண்ணத்துக்குத்தான் மதிப்பு அதிகம். பழுதுபார்த்த கிண்ணம் என்றால், அதைக் காப்பாற்றணும் என்று யாரோ அத்தனை அக்கறை எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தலைமுறை தலைமுறையாக வந்த சில கிண்ணங்களில் வரிசையாக மீன் வால்கள் இருக்கும். ஹோனலூலுவில் 1889-ல் தொடங்கப்பட்ட பிஷப் மியூசியத்தில் பழைய உமெகேக்கள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. இன்றைக்கும் ஹவாயில் கிண்ணம் கடைகிறவர்கள் விரிசல் வந்தால் பெவா போடுகிறார்கள்.

பாண்டிச்சேரிக்கு வந்த சுந்தரானந்தா!

இதே மீன் வாலை 'பட்டாம்பூச்சி' என்ற பெயரில் 20-ம் நூற்றாண்டில் உலகப் புகழ் பெற வைத்தவர் ஒருத்தர் உண்டு. பெயர், ஜார்ஜ் நகாஷிமா. 1905-ல் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். எம்.ஐ.டி.யில் ஆர்க்கிடெக்சர் படித்தவர். டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். ரேமண்ட் அவரை 1937-ல் அனுப்பி வைத்த ஊர் எது தெரியுமா? சாட்சாத் நம்ம பாண்டிச்சேரி!

அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்ட்' விடுதியைக் கட்டுவதற்காக வந்தார். கான்கிரீட்டில், வெயில் உள்ளே வராமல் காற்று மட்டும் வருகிற மாதிரி வடிவமைக்கப்பட்ட கட்டடம் அது. ஆர்க்கிடெக்சர் ஸ்டூடண்ட்ஸ் இன்றைக்கும் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். வந்த இடத்தில் நகாஷிமா ஆசிரமவாசியாகவே மாறிவிட, அரவிந்தர் அவருக்கு 'சுந்தரானந்தா' என்று பெயர் வைத்தார். 1939-ல் அங்கிருந்து கிளம்பினார்.

அடுத்து விதி விளையாடியது. இரண்டாம் உலகப் போர். அமெரிக்காவில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். 1942-ல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இடாஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்குப் போனார் நகாஷிமா. அங்கேதான் கென்டாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சரிடம், பாரம்பரிய மரவேலையைக் கற்றுக்கொண்டார். முகாமில் கிடைத்தது என்னவோ கழிவு மரமும் மிச்சம் மீதியும்தான். 1943-ல் வெளியே வந்து, பென்சில்வேனியாவில் பட்டறை போட்டார்.

மற்ற தச்சர்கள் 'விரிசல் இருக்கு, வேண்டாம்' என்று ஒதுக்கின பலகைகளை அவர் தேடித் தேடி எடுத்தார். விரிசலை மறைக்காமல், அதன் குறுக்கே பட்டாம்பூச்சிச் சாவிகளைப் பதித்து மேஜைகளாக்கினார். 1990-ல் மறைந்தார். அந்த மேஜைகளின் விலையைக் கேட்டால் இன்றைக்கு நமக்குத் தலை சுற்றும்!

ஸ்டெப் பை ஸ்டெப்: மீன் வால் போடலாமா?

சரி, இப்போது உங்கள் கிண்ணத்துக்கு வருவோம். காய்ந்தாச்சு. தட்டிப் பார்த்தாச்சு. விரிசல் வாய் திறக்கிறது. என்ன செய்யணும்?

1. மீன் வாலுக்கு ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். கிண்ணம் வெளிர் நிறம் என்றால், கறுப்பாக வைரம் பாய்ந்த துண்டு எடுப்பாக இருக்கும். 'எப்படியும் தெரியத்தான் போகுது' என்பதால் தைரியமாகத் தெரிய விடுங்கள். ஒரே நிறத்தில் வைத்து மறைக்கப் பார்த்தால், பார்க்கிறவர் கண் அதைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும்.

2. இதுதான் சூட்சுமம். மீன் வாலின் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓட்டம், விரிசலுக்குக் குறுக்கே போக வேண்டும். மரத்துக்கு நார் ஓடும் திசையில்தான் பலம். ரேகை விரிசலோடு சேர்ந்து ஓடினால், ஒடுங்கின இடுப்பில் பிஸ்கட் மாதிரி 'படக்' என்று ஒடிந்துவிடும்.

3. பெரிசாகப் போடணும் என்று ஆசைப்படாதீர்கள். மீன் வால் நீளவாக்கில் சுருங்கவே சுருங்காது. அதைச் சுற்றி இருக்கும் கிண்ணமோ குறுக்கே சுருங்கும். பெரிய வால் என்றால் பெரிய சண்டை! நீளமான ஒரு துண்டுக்குப் பதிலாக, 2, 3 செ.மீ. நீளத்தில் சின்னச் சின்னதாக ரெண்டு, மூணு போடுவது புத்திசாலித்தனம்.

4. முதலில் வாலைச் செய்துவிட்டு, அதைக் கிண்ணத்தின் மேல் வைத்து, கூரான கத்தியால் சுற்றிக் கோடு போடுங்கள். பள்ளத்தை முதலில் வெட்டிவிட்டு அதற்கு வால் செய்ய நினைத்தால், வொர்க்‌ஷாப் லொடலொட மறுபடியும் வரும்! பென்சில் வேண்டாம். பென்சில் கோட்டின் தடிமனே இடைவெளி ஆகிவிடும்.

5. சின்ன உளியால் கோட்டுக்கு உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். சுவர் தடிமனில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஆழம் போதும்.

6. வாலின் அடி ஓரங்களை லேசாகச் சாய்வாகச் சீவி, பசை தடவி, மரச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். அடியில் போய் உட்கார்ந்ததும் தட்டுகிற சத்தம் மாறும். மேலே ஒரு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு இருக்கட்டும். மறுநாள் சீவி, தேய்த்து, சமமாக்கிக்கொள்ளலாம்.

பிடிக்கிற வேலை முடிஞ்சது. இனிமேல் மிச்சம் இருக்கிற இடுக்கை நிரப்பலாம். இங்கேதான் கலர் கலராக விளையாட இடம் இருக்கிறது!

தூள் கிளப்புங்க!

நிரப்புவதற்கு அரால்டைட் மாதிரியான எபாக்சி பசையோடு ஏதாவது ஒரு தூளைக் கலப்பார்கள். எந்தத் தூள் என்பது உங்கள் டேஸ்ட்.

காபித்தூள்: கறுப்புக் கோடு வேண்டும் என்றால் இதுதான் மலிவு. டிகாக்‌ஷன் போட்ட சக்கை என்றால் வெயிலில் மொறுமொறுவென்று காய வைக்கணும். ஈரம் இருந்தால் எபாக்சி சரியாக இறுகாது.

பித்தளைத் தூள்: டூப்ளிகேட் சாவி போடுகிற கடையில், பித்தளைச் சாவி வெட்டும்போது விழுகிற பொடியைக் கேட்டு வாங்குங்கள். இரும்புப் பொடி கலந்திருந்தால் ஒரு காந்தத்தை மேலே ஓட்டினால் போதும், பிரிந்து வந்துவிடும். தேய்த்து முடித்தால் தங்கக் கோடு மாதிரி மின்னும்.

டர்க்காய்ஸ் கல் தூள்: அமெரிக்காவில் கிண்ணம் கடைகிறவர்களின் செல்லப்பிள்ளை. அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் இந்த நீலப்பச்சைக் கல் கிடைக்கிறது. பழுப்பு மரத்தில் ஆகாய நீலத்தில் ஒரு மின்னல் கோடு! ஆனால் கல் கல்தான். உளியின் கூர் மழுங்கிவிடும். உப்புத்தாளால் மட்டுமே தேய்க்கணும்.

முட்டை ஓடு, கிளிஞ்சல்: வெள்ளைக்கு இது. ரெண்டுமே சுண்ணாம்பு வகை என்பதால் ஈஸியாகத் தேயும்.

எதைப் போட்டாலும் மூன்று விதி. மறுபக்கம் ஒழுகாமல் செலோ டேப் ஒட்டுங்கள். எபாக்சி கொஞ்சம் உள்வாங்கும் என்பதால், மேலே மேடாக இருக்கிற அளவுக்கு நிரப்புங்கள். ஒரு முழு நாள் கையை வைக்காதீர்கள். ஃபெவி க்விக் மாதிரி தண்ணியாக ஓடுகிற பசை, மயிரிழை விரிசலுக்குள் தானாக ஊறி இறங்கும். ஆனால், சுற்றி இருக்கும் மரத்தில் கறை பிடிக்கும். அங்கே முன்னாடியே ஒரு கோட் வார்னிஷ் அடித்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

முக்கியமாக மாஸ்க்! கல், ஓடு, உலோகம், மரம் எதுவாக இருந்தாலும் அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

அடி போனா என்ன? ஓரம் போனா என்ன?

எல்லாக் குறையும் விரிசல் இல்லை. உள்ளே குடைந்துகொண்டே போய், 'இன்னும் ஒரே ஒரு இழை' என்று ஆசைப்பட்டு, அடியில் ஓட்டை விழுந்துவிடுவது கடைசல்காரர்கள் வட்டாரத்தில் பிரபலமான சோகம். 'கிண்ணம் செய்யப் போய் புனல் செய்தேன்' என்று அவர்களே கிண்டலடித்துக்கொள்வார்கள்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. ஓட்டையைச் சுத்தமான வட்டமாகக் கடைந்து பெரிசாக்கி, வேறு நிற மரத்தில் ஒரு வில்லை செய்து பதிப்பார்கள். இங்கே ரேகை விதி நேர் எதிர். வில்லையின் ரேகையும் கிண்ணத்தின் ரேகையும் ஒரே திசையில் ஓடணும். அப்போதுதான் ரெண்டும் ஒன்றாகச் சுருங்கும், ஒன்றாக விரியும். மீன் வாலின் வேலை எதிர்த்து நிற்பது. வில்லையின் வேலை கூடவே போவது.

விளிம்பில் மட்டும் சின்னதாகப் பிய்ந்திருக்கிறதா? அந்தப் பகுதியைக் கடைந்து எடுத்துவிட்டுக் கொஞ்சம் குட்டிக் கிண்ணமாக மாற்றிக்கொள்வது ஒரு வழி. கிண்ணத்தைச் சுற்றி 2, 3 மி.மீ. அகலத்தில் பள்ளம் போட்டு, அதில் வண்ணத் தூளை நிரப்பி வளையல் மாதிரி ஆக்குவது இன்னொரு வழி. பிய்ந்த இடம் அந்தக் கோட்டுக்குள் காணாமல் போய்விடும். பார்க்கிறவர், 'டிசைன் சூப்பர்!' என்பார். சொல்லிட்டுப் போகட்டும்.

எதைக் காப்பாத்தக் கூடாது?

இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 30 செ.மீ. கிண்ணம் ஒன்று நிமிஷத்துக்கு 1000 சுற்று வேகத்தில் சுழல்கிறது என்று வையுங்கள். விளிம்பின் வேகம் என்ன? மெக்கானிக்கல் மக்கள் கால்குலேட்டரை எடுங்கள். விநாடிக்கு சுமார் 15.7 மீட்டர். அதாவது மணிக்கு 56 கிலோமீட்டர்! மவுன்ட் ரோட்டில் சிக்னல் விழுந்ததும் சீறுகிற பைக் வேகம். அந்த வேகத்தில் ஒரு மரத்துண்டு பிய்த்துக்கொண்டு வந்தால் கண்ணாடி போட்ட கண்ணுக்குக்கூட உத்தரவாதம் இல்லை.

ஆகவே, விளிம்பிலிருந்து அடிவரை ஓடின விரிசலா? ஒன்றையொன்று சந்திக்கிற ரெண்டு விரிசலா? விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்கிற மக்கிப்போன மரமா? அதைத் திரும்ப லேத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். எபாக்சி ஊற்றினோமே, அது பிடிச்சுக்கும் என்ற நம்பிக்கை வேண்டாம். நிரப்புகிற சாமானை நம்பி, பிடிக்கிற வேலையை ஒப்படைக்கிற தப்பு அது. ரொம்பப் பிடித்த கிண்ணம் என்றால் மீன் வால் போட்டு, கையாலேயே தேய்த்து முடியுங்கள். ரெண்டு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஏற்றலாம் என்று முடிவான கிண்ணத்துக்கும் கண்டிஷன் உண்டு. முகம் முழுவதும் மறைக்கிற ஷீல்டு கட்டாயம். ஸ்விட்ச் போடும்போது கிண்ணத்துக்கு நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். தொளதொள சட்டை, தொங்குகிற துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, விரித்த தலைமுடி எதுவும் கூடாது. கையுறையும் கூடாது, சுழலும் மரம் அதைக் கையோடு சேர்த்து இழுத்துவிடும். பக்கத்தில் வொர்க்‌ஷாப் சார் இல்லாமல் லேத்தைத் தொடவே வேண்டாம்.

விக்கும்போது என்ன சொல்றது?

கிண்ணம் முடிந்தது. மெழுகு போட்டுப் பளபளப்பாக்கியாச்சு. காலேஜ் ஃபெஸ்ட்டில் ஸ்டால் போட்டால் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். அப்போது ரெண்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஒன்று, எபாக்சி போட்ட கிண்ணத்தில் சூடான ரசம், சாம்பார் ஊற்றக் கூடாது. முந்திரி, பழம், சாவிக்கொத்து எல்லாம் ஓகே. ரெண்டு, இது விரிசல் விழுந்து சரிசெய்த கிண்ணம்.

ரெண்டாவதைச் சொன்னால் விலை குறைந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். பூவரசங் கிண்ணத்தின் மீன் வாலை எண்ணிக் காட்டிப் பெருமைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எங்கே விரிந்தது, ஏன் விரிந்தது, எப்படிப் பிடித்து நிறுத்தினேன் என்று உங்களால் விளக்க முடிந்தால், அந்தக் கிண்ணத்தைப் பற்றி முழுசாகத் தெரிந்தவர் நீங்கள்தான் என்பது வாங்குகிறவருக்குப் புரியும்.

அப்படியும் ஒருத்தர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது விரிசலா, டிசைனா?" என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுங்கள்...

"ரெண்டும்தாங்க!"